அட்டையின் பின்பக்கம்

ஊர் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் பரணில் கிடந்த சாமானையெல்லாம் இறக்கிப் போடச் சொன்னார்கள். இறக்கியதில் அம்மாவின் தகரப்பெட்டியும் ஒன்று. உள்ளே இரண்டு சேலை, மூக்குக்கண்ணாடிக் கூடு, ரப்பர் பேண்டு போட்ட டாக்டர் சீட்டுகள், ஜிப் வைத்த உறைக்குள் வேதப்புத்தகம். ஜிப்பை இழுத்ததுமே அயோடெக்ஸ் வாசம். அம்மா போய் ஒன்பது வருஷமாகிறது. வாசம் போகவில்லை.

அந்த ஜிப்பின் நாக்கில் ஒரு சாவி வளையம் கோத்திருக்கும். விரல் நுனியால் பிடித்து இழுக்க முடியாதவர்கள் வளையத்துக்குள் விரலை விட்டு இழுத்துவிடலாம். அம்மாவின் கண்டுபிடிப்பு அது. இன்றைக்கு என் கைப்பை ஜிப்பிலும் அப்படி ஒரு வளையம் தொங்குகிறது.

வேதப்புத்தகத்துக்குள் இருபத்துமூன்று வாக்குத்தத்த அட்டைகள் இருந்தன. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து சி.எஸ்.ஐ. கோவில்களில் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை உண்டு. (சர்ச் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை, கோவில்தான்.) பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாரும் முழங்காலில் நிற்போம். மணி அடிக்கும். வெளியே இளவட்டங்கள் சரத்தைக் கொளுத்திப் போடுவார்கள். பட்டாசு செய்கிற ஊரில் பட்டாசுக்கா பஞ்சம்? புகை கோவிலுக்குள் வந்து ட்யூப்லைட்டே மங்கிவிடும். அந்தப் புகைக்குள் வரிசையாகப் போய், தட்டில் கவிழ்த்து வைத்திருக்கிற அட்டைகளில் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கிற வசனம் அந்த வருஷத்துக்கு நமக்கென்று கடவுள் கொடுத்தது. பக்கத்து ஆளுக்கு என்ன வந்தது என்று எட்டிப் பார்ப்பதும், நல்ல வசனமாக வந்தவர்களைப் பொறாமையோடு பார்ப்பதும் ஜெபத்தில் சேர்த்தி இல்லை, ஆனால் உண்டு.

அந்த அட்டையும் சிவகாசியில் அச்சானதுதான். ஆடிப்பெருக்கன்று அங்கே புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். முருகனும் மெக்காவும் நல்ல மேய்ப்பனும் ஒரே ஆல்பத்தில் அடுத்தடுத்த தாளில் இருப்பார்கள். எந்தச் சண்டையும் வந்ததாகத் தெரியவில்லை.

ஒரு வருஷம் அம்மாவுக்குத் தட்டிலிருந்து அட்டையை எடுக்க வரவில்லை. புது அட்டைகள், வழுவழுவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அம்மாவின் விரல்கள் அப்போதே சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன. நகத்தால் நெம்பினாள், வழுக்கியது. பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஐயர் (போதகரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்) பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே ஒன்றை எடுத்து நீட்டினார்.

"வேண்டாம் ஐயரே, நானே எடுக்கேன்."

ஊரே கேட்கச் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது; பதினான்கு வயது. அம்மா உள்ளங்கையின் ஓரத்தால் மேலே இருந்த அட்டையை மெல்ல மெல்லத் தட்டின் விளிம்புவரை தள்ளிக்கொண்டு போய், அது கீழே விழப்போகும்போது மற்றக் கையால் ஏந்திக்கொண்டாள். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், ஒரு நிமிஷம் இருக்குமா? எனக்கு ஒரு வருஷம் போல இருந்தது.

இந்தக் கைதான் ஒரு காலத்தில் தீப்பெட்டி ஒட்டுவதில் தெருவிலேயே வேகமான கை. எங்கள் ஊர் வெம்பக்கோட்டைக்குப் பக்கம். வைப்பாறு பேருக்குத்தான் ஆறு. கரிசல் பூமி, மழை பெய்தால் பருத்தியும் கம்பும், பெய்யாவிட்டால் 'ஆபீஸ்'. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். வெளியூர்க்காரர்கள் எங்கள் தெருவில் எல்லாரும் ஆபீசுக்குப் போகிறார்கள் என்று கேட்டு அசந்துபோவார்கள். விடியுமுன்னே ஆபீஸ் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். வயலைப் பிழைப்பாக நம்ப முடியாத இந்தச் சீமைக்கு, 1920களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொடுத்த பிழைப்பு அது. சோறு போட்டது. எத்தனையோ பேரை எரித்தும் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் பட்டாசு ஆபீசில் நடந்த வெடிவிபத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அம்மா வீட்டிலிருந்து செய்கிற வேலையைத்தான் எடுத்தாள். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்ட பசை. நீலம் பாய்ந்த அந்தப் பசையின் வாடை எங்கள் வீட்டுச் சுவரிலேயே ஏறியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் உட்காருவேன். நூற்று நாற்பத்துநாலு பெட்டி ஒரு குரோஸ். கணக்கில் நான் இன்றைக்கும் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் திணறுவதில்லை.

நான் ஆறாவது படிக்கும்போது, அம்மாவுக்குக் காலையில் விரல் மடங்க மறுத்தது. பனி என்றார்கள். வாயு என்றார்கள். பசைத்தண்ணியில் கையை வைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்றார்கள். முடக்கத்தான் கீரை தோசையாகவும் ரசமாகவும் வந்தது. பேரிலேயே முடக்கை அறுப்பேன் என்று சத்தியம் பண்ணுகிற கீரை. நொச்சி போட்டு வேது பிடித்தோம். வாதநாராயணன் இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டினோம். வீக்கம் முழங்கைக்கு ஏறியது. கல்யாணத்துக்குப் போட்ட வளையலை ஆசாரிதான் வந்து அரத்தால் ராவி அறுத்து எடுத்தார்.

அப்புறம்தான் மெடிக்கல் ஷாப் பொட்டலம். சீட்டெல்லாம் கேட்க மாட்டார்கள். மூட்டு வலி என்று சொன்னால் ஒரு காகிதத்தில் மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, சின்னதாக இன்னொரு வெள்ளை என்று மடித்துத் தருவார்கள். மூன்றாம் நாள் அம்மா எழுந்து தண்ணீர் எடுத்தாள். ஒரு மாசத்தில் முகம் நிலா மாதிரி உருண்டது. 'மேலுக்கு நல்லாத் தேறிட்டியே' என்று கோவிலில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு, அந்த முகம் அதனால் வந்த வீக்கம் என்பது எங்களுக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரியும்.

அந்த மருந்து வந்த கதையைப் பின்னால் படித்தேன். 1948ல் அமெரிக்காவில் ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர், அம்மாவுக்கு இருந்த அதே முடக்குவாதத்தில் நகர முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தாள். உலகமே அற்புதம் என்றது; 1950ல் நோபல் பரிசும் வந்தது. அதே மருந்து கொஞ்சம் கொஞ்சமாக எலும்பையும் தோலையும் கரைக்கிறது, சர்க்கரையை ஏற்றுகிறது என்று அதே டாக்டர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். ரொம்ப நாள் சாப்பிட்டவர்கள் அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும்.

அம்மா சட்டென்று நிறுத்தினாள்.

பக்கத்து டவுனில் ஒரு சுகமளிக்கும் கூட்டம். பெயர் வேண்டாம். லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேடையில் இருந்தவர், மாத்திரையை நம்புகிறவன் இயேசுவை நம்பவில்லை என்றார். விசுவாசம் உள்ளவர்கள் பையிலிருக்கிற மருந்தை இப்போதே எறியுங்கள் என்றார். மைதானம் முழுக்க மாத்திரை அட்டைகள் பறந்தன. அம்மாவும் பொட்டலத்தைப் போட்டாள். அவள் கையால் வீசியெறிய முடியாது. காலடியில் நழுவவிட்டாள், அவ்வளவுதான்.

ஒரு வாரம் துள்ளித் திரிந்தாள். பத்தாம் நாளோ என்னவோ, காலையில் எழுந்திருக்கவில்லை. வாந்தி, மயக்கம், பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். பார்க்க வந்த கூட்டத்து ஆள் ஒருவர் தலைமாட்டில் நின்றுகொண்டு, "உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்திருக்கும்மா" என்றார். அப்பா அந்த மனிதரை வெளியே கூட்டிக்கொண்டு போய் என்ன சொன்னாரோ, திரும்ப வரவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அடிவயிறு எரிகிறது. இப்போது அந்த மாதிரிக் கூட்டத்துக்கு லாரியில் போவதில்லை, செல்போனிலேயே வந்துவிடுகிறது. அதுதான் வித்தியாசம்.

எங்கள் ஐயர் வேறு மாதிரி ஆள். அம்மா கோவிலுக்கு வர முடியாத மாதங்களில் திருவிருந்தை வீட்டுக்கே கொண்டுவருவார். இடது கை மேல் வலது கையை வைத்து அப்பத்தை ஏந்த வேண்டும் என்பது முறை. அம்மாவின் கை விரியாது, எப்போதும் குழிந்தேதான் இருக்கும். விரிக்கப் பிரயாசைப்பட்டாள். "விடுங்கம்மா, ஏந்தினபடிதானே இருக்கு" என்று சொல்லிக் குழிக்குள் அப்பத்தை வைத்தார். அன்றைக்குத்தான் அவர் ராக்லண்டு ஐயர் கதையைச் சொன்னார்.

தாமஸ் ராக்லண்டு, கேம்பிரிட்ஜில் கணக்கில் பெரிய ஆள். சென்னையில் சி.எம்.எஸ். மிஷனின் செயலாளராக மேசையில் உட்கார்ந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு 1854ல் இந்த வறண்ட வட திருநெல்வேலிக்குக் கூடாரத்தோடு வந்தார். ஃபென், மெடோஸ் என்று இளவயதுக்காரர்கள் இரண்டு பேர் கூட. இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர் என்று இந்தக் கரிசலில் சுற்றினார். நெஞ்சில் தீராத நோய். 1858 அக்டோபர் 22, சிவகாசியில் ரத்தம் கக்கி இறந்தார். வயது நாற்பத்துமூன்று. ஊழியத்தில் பெரிதாக அறுவடையையும் அவர் பார்க்கவில்லை.

"அவருக்கு விசுவாசம் இல்லைன்னு சொல்லுவாங்களாமா?" என்று கேட்டார் ஐயர்.

அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் என்னிடம் பவுலின் முள்ளைப் பற்றிப் பேசினாள். பவுல் அப்போஸ்தலனுக்கு மாம்சத்தில் ஒரு முள், எடுத்துவிடச் சொல்லி மூன்று தரம் கேட்டான், எடுக்கப்படவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் படித்ததுதான். எங்கள் ஊரில் முள்ளைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். வேலிக்கருவை முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். அம்மா கை நன்றாக இருந்த காலத்தில், ஊக்கால் நோண்டி எடுத்து எருக்கம்பால் வைப்பாள். சில முள் எடுக்க வராது. உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். "அதுக்காக நடக்காம இருக்கமா? காலைக் கொஞ்சம் சாய்ச்சு வச்சு நடக்கலையா?" என்றாள். அவளுடைய இறையியல் மொத்தமும் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

எதிர்வீட்டு அத்தையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதையில் பாதி இல்லை. அத்தை என்று கூப்பிடுவேனே தவிர உறவில்லை. நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன். தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும், கை கழுவிவிட்டு நேரே எங்கள் அடுப்படிக்கு வருவாள். எண்ணெய்ப் பாட்டில், ஊறுகாய் ஜாடி, சீனி டப்பா, மாத்திரை டப்பா, அயோடெக்ஸ் எல்லாவற்றின் மூடியையும் திறந்து, லேசாக வைத்து, இறுக்காமல் விட்டுவிட்டுப் போவாள். அம்மா கேட்டதில்லை. ஒருநாள் நானும் அப்பாவும் இல்லாத நேரம், வலிக்கு மாத்திரை எடுக்க முடியாமல் அம்மா டப்பாவைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து ஆரம்பித்தது, பதினெட்டு வருஷம் நடந்தது. வெளியூர் போனால் மகளிடம் சொல்லிவிட்டுப் போவாள்.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு நடந்தே போகிற கூட்டம் அவளுடையது. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் மாரியம்மன். உடம்பில் எந்த இடத்தில் நோவோ அந்த இடத்தை வெள்ளித் தகட்டில் உருவாக வாங்கி உண்டியலில் போடுவது அங்கே வழக்கம். கண், கால், கை. ஒரு வருஷம் அத்தை வந்து, தயங்கித் தயங்கி, "மதினி, ஒன்னு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டிகளே" என்றாள். அம்மா பேருக்கு ஒரு ஜோடி கை வாங்கிப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். கோவில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று என் புத்தி ஓடியது.

அம்மா கேட்டாள்: "விரலெல்லாம் நேரா இருந்துச்சா மதினி?"

"நேராத்தான் இருந்துச்சு. நல்லாப் பாத்துத்தான் வாங்கினேன்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து என்ன என்று கேட்டார்.

கோவிலிலிருந்து ஒருதரம் வேன் பிடித்து டோனாவூர் போனோம். ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் ஊர். அயர்லாந்திலிருந்து வந்து, இந்துக் கோவில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தவர் என்று எல்லாருக்கும் தெரியும். கடைசிக் காலம் அவ்வளவாகத் தெரியாது. 1931 அக்டோபரில் களக்காட்டில் இருட்டுகிற நேரம் ஒரு குழியில் தவறி விழுந்தார். கால் முறிந்தது. சீக்கிரம் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறையில் கழிந்தது. அந்தப் படுக்கையிலிருந்து பத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். ராக்லண்டைப் பற்றி நன்றாக நடமாடிய காலத்திலேயே ஒரு புத்தகம் எழுதியிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தபோது எனக்கு என்னவோ போல இருந்தது. படுக்கையில் விழுந்த பிறகு எழுதியதில் ஒன்று, நோயாளி நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்கள். சுகமாக இருக்கிறவர்கள் நோயாளிக்கென்று எழுதுகிற ஆறுதலெல்லாம் படுத்துக் கிடக்கிறவர்களிடம் வந்து சேர்வதில்லை என்பது அவருடைய குறை. எனக்கு அந்த ஒரு கோபத்துக்காகவே அவரைப் பிடிக்கும்.

கல்லறையில் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்திருக்கிறார்கள், 'அம்மை' என்ற பேரோடு. மற்றவர்கள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது அம்மா அந்தத் தொட்டித் தண்ணீருக்குள் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். புண்ணிய தீர்த்தம் மாதிரி செய்கிறாளே என்று ஒரு அக்கா முகம் சுளித்தார். வேனில் வரும்போது நான் கேட்டேன். "வெயில் தாங்கல, கை எரிஞ்சுச்சு. தண்ணி சில்லுன்னு இருந்துச்சு, வச்சேன்" என்றாள். எல்லாவற்றுக்கும் அர்த்தம் தேடுகிற புத்தி எனக்கு, அவளுக்கு இல்லை.

2022ல் வெம்பக்கோட்டையில், விஜயகரிசல்குளம் மேட்டில் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. சங்கு வளையல், சுடுமண் பொம்மை, விளையாட்டுக் காய்கள் என்று பத்திரிகையில் படம் படமாக வந்தது. ஒடிந்த சங்கு வளையல் துண்டுகளைப் பார்த்தபோது எனக்கு ஆசாரியின் அரம்தான் ஞாபகம் வந்தது. அந்த வருஷம்தான் வகுப்பறையில் என் கையிலிருந்து சாக்பீஸ் விழ ஆரம்பித்தது. ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாவது முறை ஒரு பையன் எடுத்துக் கொடுத்துவிட்டு, "டீச்சர், உங்க வெரல் வீங்கிருக்கு" என்றான். வயது நாற்பது. பெயரைக் கேட்குமுன்னே எனக்கு அந்த வியாதியின் பெயர் தெரியும்.

எனக்குக் கிடைத்த வைத்தியம் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. மெத்தோட்ரெக்சேட், வாரத்தில் ஒரே ஒரு நாள். தினம் சாப்பிட்டுவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும் என்பதால் டாக்டர் கிழமையைக் கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டார். வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம். அவ்வப்போது ரத்தம் கொடுத்து ஈரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியைத் தேர்ந்துகொண்டேன். ஆராதனை முடிந்துவிடும், திங்கள்கிழமைக் குமட்டலைப் பள்ளிக்கூடத்தின் மேல் பழி போட்டுவிடலாம். அம்மாவின் கடைசி வருஷங்களில் மதுரையில் ஒரு டாக்டர் அவளுக்கும் இதைத்தான் ஆரம்பித்தார். மூட்டு எல்லாம் கரைந்து முடிந்த பிறகு.

மருந்து ஒருபக்கம், சரி. காலையில் எழுந்திருக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்கு மருந்து கிடையாது. இந்த நோய்க்காரர்களுக்குத் தெரியும், ராத்திரியெல்லாம் யாரோ மூட்டுக்குள் பசையை ஊற்றிக் காயவைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். அம்மா அந்த நேரத்தை என்ன செய்தாள் என்று சின்ன வயதில் பாயில் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். வெளியே ஆபீஸ் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். அம்மா கண்ணைத் திறக்காமல் முணுமுணுத்தபடி ஒரு விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவாள். சுண்டுவிரல், எதிர்வீட்டு அத்தையின் வீடு. அவள் புருஷன் குடியை விட வேண்டும். மோதிரவிரல், மருந்து கலக்கிற வேலைக்குப் போகிற சித்தப்பா. இன்றைக்கு எதுவும் ஆகாமல் வீடு திரும்ப வேண்டும். நடுவிரல், நான், என் பரீட்சை. இப்படிப் பத்து விரலுக்குப் பத்து வீடு. ஒரு விரல் மடங்கி நீள்கிறவரை அந்த வீட்டை விட மாட்டாள். "எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். சும்மா கிடக்கதுக்குத் தெருவை ஒருதரம் சுத்திட்டு வந்துருவேன்" என்பாள். எல்லா விரலும் பிரிந்த நாளில் தெரு முழுக்க ஜெபம் நடந்திருக்கும். பிரியாத நாளில் ஒன்றிரண்டு வீடு பாக்கி விழும். நாளைக்கு அங்கிருந்து ஆரம்பிப்பாள்.

நானும் செய்து பார்க்கிறேன். மூன்றாவது விரலில் தூங்கிவிடுகிறேன், அல்லது கடவுளோடு சண்டை பிடித்துவிடுகிறேன். அம்மா அளவுக்கு எனக்கு விசுவாசம் கிடையாது என்பதைச் சொல்லிவிடுவதுதான் யோக்கியம். நான் இப்போது இருக்கிற மதுரை ஃப்ளாட்டில் பத்து விரலுக்குப் பத்து வீட்டுப் பெயர் தெரியாது என்பது இன்னொரு கஷ்டம்.

விரலை நீட்டும்போது இன்னொருவர் ஞாபகமும் வரும். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். 1954ல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. இளம் டாக்டர். அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை செய்தார். 1966ல் அங்கே மறுவாழ்வு மருத்துவத்துக்கென்றே ஒரு நிலையம் வர அவர்தான் காரணம். அவருக்கும் கால் திரும்பி வரவில்லை. அவரைப் பற்றி யாரோ பிரசங்கத்தில் 'ஊனத்தை ஜெயித்தவர்' என்று சொன்னார்கள். ஜெயித்தாரா, தெரியாது. மற்றவர்களுடைய கையை நீட்டிவிட்டார், அது தெரியும்.

அட்டைகளுக்கு வருகிறேன். முன்பக்கம் ரோஜாப்பூ, மலை, நீர்வீழ்ச்சி, ஒரு வசனம். பின்பக்கம் அம்மா பென்சிலால் எழுதியிருக்கிறாள். எழுத்து வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போகிறது; கடைசி அட்டைகளில் ஒரு அட்டைக்கு நாலு வார்த்தைதான் கொள்ளும். ஜெபக்குறிப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் திருப்பினேன்.

'வெள்ளை 1, சின்னது அரை. திங்கள் ரத்தம்.'

'41 நாள் வேலை இல்லை. மதினி 200 கொடுத்தது, பாக்கி.'

'நிறுத்தக் கூடாது.' இது லாரியில் போன வருஷத்து அட்டை. இரண்டு முறை அடிக்கோடு.

'ரவிக்கைக் கொக்கி நானே போட்டேன். ஸ்தோத்திரம்.'

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெள்ளையடிக்கிறவர்களுக்கு டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்து வேதப்புத்தகத்தில் அதிகம் கசங்கிய பக்கத்தைத் தேடினேன். இருபத்துமூன்றாம் சங்கீதமாக இருக்கும், இல்லை தொண்ணூற்று ஒன்றாக இருக்கும். நோயாளி வீட்டில் அவைதான் வாசிப்பார்கள். அவை இரண்டும் சுத்தமாக இருந்தன. எண்பத்தெட்டாம் சங்கீதத்தில் அயோடெக்ஸ் கறை, கறுப்பாக, கட்டைவிரல் அகலத்துக்கு. ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனையோ ராத்திரிகளின் கறை. படித்தவர்களுக்குத் தெரியும், முறையிடுகிற மற்றச் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பிவிடும். இது திரும்பாது, இருட்டிலேயே முடிந்துவிடும். கோவிலுக்கு வந்தால் 'அம்மா எப்பவும் சிரிச்ச முகம்' என்று எல்லாரும் சொன்ன அம்மா, விளக்கை வைத்துக்கொண்டு வாசித்தது இதைத்தான்.

எதிர்வீட்டு அத்தைக்கு இப்போது எழுபதுக்கு மேல். சர்க்கரை, ஒரு கண் மங்கல். நான் வந்திருக்கிறேன் என்று தெரிந்து மெல்ல நடந்து வந்தாள். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குள் போனாள். அங்கே தேங்காயெண்ணெய்ப் பாட்டிலும் காப்பித்தூள் டப்பாவும் ஒரு ஜாமும்தான் இருந்தன. மூன்றையும் திறந்து லேசாக மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, "மதினிக்கு இந்த ஜாம்லாம் தெரியாது" என்றாள்.

யோபுவைப் பார்க்க வந்த மூன்று சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவன் கூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வாயைத் திறந்து, ஏன் வந்தது, எதனால் வந்தது என்று ஆரம்பித்தார்கள். உங்கள் தெருவிலும் தீராத நோயில் ஒருவர் இருப்பார். பார்க்கப் போனால் வசனம் சொல்லுங்கள், திருநீறு பூசுங்கள், துவா செய்யுங்கள், உங்கள் விருப்பம். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். கிளம்பும்போது அடுப்படியில் இருக்கிற மூடிகளையெல்லாம் ஒருதரம் தளர்த்தி வைத்துவிட்டு வாருங்கள்.